அருகில் இருப்பவர்களே அறிவார்கள்

ஒருவருடைய கிறிஸ்தவ சாட்சி எப்படிப்பட்டது என்று அறிய விரும்பினால், அவரோடு ஆராதனையில் அமர்கிறவர்களிடம் விசாரிப்பதைவிட, அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடமும், அவர் கையால் சம்பளம் வாங்குகிறவர்களிடமும், அவர் வீட்டிலேயே வயதில் மிகச் சிறியவரிடமும் விசாரிப்பதுதான் சரியாக இருக்கும் என்று நான் நினைக்கிறேன். சபையில் நாம் எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கிறோம். ஒரே பாடல்களைப் பாடுகிறோம், ஒரே வசனங்களுக்கு ஆமென் சொல்கிறோம், எதிர்ப்படுகிறவர்களுக்கு ஸ்தோத்திரம் சொல்கிறோம். அங்கே கழிகிற அந்தச் சில மணி நேரத்தில் நம் பொறுமையைச் சோதிக்கிற எதுவும் பெரும்பாலும் நடப்பதில்லை. நம் கையில் கொஞ்சம் அதிகாரம் இருக்கிற இடத்தில், நம்மை எதிர்த்துப் பேச முடியாத ஒருவர் முன்னால், அவர் தவறு செய்துவிட்ட நேரத்தில் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதில்தான் நம் விசுவாசம் எவ்வளவு ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பது தெரியவரும்.

சாட்சி என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, கூட்டத்தின் நடுவே எழுந்து நின்று, ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்லி அமர்வது. நோய் நீங்கியதையும், வேலை கிடைத்ததையும், நெடுநாள் ஜெபத்துக்குப் பதில் வந்ததையும் நன்றியோடு அறிக்கையிடுவது நல்ல வழக்கம். சோர்ந்துபோய் வந்திருக்கும் ஒருவரை அது தூக்கி நிறுத்துவதை நான் கண்டிருக்கிறேன். ஆனால் அந்தச் சாட்சியைக் கேட்கிறவர்களில் பெரும்பாலோருக்கு நம் அன்றாட வாழ்க்கை தெரியாது. நாம் சொல்வதை நம்புவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழியில்லை. தினமும் நம்மோடு இருக்கிறவர்களோ நம் சொல்லையும் செயலையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள், வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும். "என் வீட்டிலே உத்தம இருதயத்தோடு நடந்துகொள்ளுவேன்" என்று 101-ஆம் சங்கீதத்தில் தாவீது சொல்வதை நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. ஒரு ராஜா, தேசத்தை எப்படி ஆளப்போகிறேன் என்று கர்த்தருக்கு முன்பாகப் பொருத்தனை செய்கிற அந்தப் பாட்டில், சிங்காசனத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு தன் வீட்டைப் பற்றிப் பேசுகிறார்.

ஆதிச்சபையைப் பற்றி வெளியார் எழுதிவைத்த மிகப் பழைய பதிவுகளில் ஒன்று, கி.பி. 112 அளவில், இன்றைய துருக்கியில் உள்ள பித்தினியா, பொந்து நாடுகளின் ஆளுநராக இருந்த இளைய பிளினி, ரோமப் பேரரசர் டிராஜானுக்கு எழுதிய கடிதம். கிறிஸ்தவர்களைத் தண்டிக்கும் பொறுப்பு அவர் கையில் வந்தது; அவர்கள் செய்யும் குற்றம் என்ன என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. விசாரித்தபோது அவருக்குக் கிடைத்த தகவல் இது: குறித்த ஒரு நாளில் அவர்கள் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள், பிறகு ஓர் ஆணையினால் தங்களைக் கட்டிக்கொள்கிறார்கள். ஏதோ சதி செய்வதற்கான ஆணை என்று ஓர் ஆளுநர் எதிர்பார்த்திருப்பார். ஆனால் அவர்கள் ஆணையிட்டதோ, திருட மாட்டோம், கொள்ளையடிக்க மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம், நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளைத் திருப்பிக் கேட்கும்போது இல்லையென்று சொல்ல மாட்டோம் என்று. இதெல்லாம் உண்மைதானா என்று உறுதி செய்துகொள்ள, சபையில் உதவிக்காரிகள் என்று அழைக்கப்பட்ட இரண்டு அடிமைப் பெண்களைப் பிளினி சித்திரவதை செய்து விசாரித்தார். அவர்களிடமிருந்தும் மிதமிஞ்சிய ஒரு மூடநம்பிக்கையைத் தவிர வேறெதையும் தான் கண்டுபிடிக்கவில்லை என்றே எழுதுகிறார்.

இந்தக் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் என்னை விடாமல் பிடித்துக்கொள்கின்றன. முதலாவது, ஒப்படைத்த பொருளைப் பற்றிய அந்த வாக்குறுதி. நம்பி ஒருவரிடம் கொடுத்துவைத்த பணத்துக்குச் சாட்சிக்காரர் யாரும் இல்லாதபோது, வாங்கினவர் இல்லையென்று சாதித்துவிட்டால் கொடுத்தவர் ஒன்றும் செய்ய முடியாது. மறுத்தாலும் தப்பித்துக்கொள்ளலாம் என்கிற அந்த இடத்தில்தான் ஆதிக் கிறிஸ்தவர்கள் தங்கள் விசுவாசத்தை ஊன்றி நிறுத்தினார்கள். இரண்டாவது, அந்த இரண்டு பெண்கள். சபையின் உண்மையை அறிய வேண்டுமென்று நினைத்த அதிகாரி, அங்கே மூப்பர்களையும் செல்வாக்குள்ளவர்களையும் விட்டுவிட்டு, எந்தப் பாதுகாப்பும் இல்லாதவர்களை அழைத்தார். அடிமைகளைச் சித்திரவதை செய்ய ரோமச் சட்டம் இடம் கொடுத்தது என்பதே அதற்குக் காரணமாக இருந்திருக்கும். அவருடைய கொடுமையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் அந்தச் சபை, தன்னிடத்தில் இருந்த மிக எளியவர்களின் வாயால் சோதிக்கப்பட்டது, அந்தச் சோதனையில் மறைத்துவைத்த அக்கிரமம் எதுவும் வெளியே வரவில்லை. நம்முடைய சபைகளும் நம்முடைய வீடுகளும் இப்படியொரு விசாரணையைத் தாங்குமா?

தாங்கும் என்று சட்டென்று சொல்ல எனக்குத் துணிவு இல்லை. காணிக்கைப் பெட்டியில் தாராளமாகப் போடுகிற கை, வேலை செய்தவருக்குக் கொடுக்க வேண்டியதை நாளைக்கு, நாளை மறுநாளைக்கு என்று இழுத்தடிப்பது அரிதான காட்சி அல்ல. "இதோ, உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்று யாக்கோபு எழுதியது விசுவாசிகளின் கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டிய நிருபத்தில். பிடித்துவைத்த அந்தக் கூலியே கூவுகிறது என்றும், அறுத்தவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்றும் அவர் சொல்கிறார். நம்முடைய துதிச் சத்தமும் அந்தக் கூக்குரலும் ஒரே செவிகளுக்குத்தான் போய்ச் சேருகின்றன என்பதை நினைத்தால், சம்பள நாளும் ஆராதனை நாளைப் போலவே பரிசுத்தமானது என்று புரியும். தானியேலின் பகைவர்கள் அவர்மேல் குற்றம் கண்டுபிடிக்க அவருடைய ஜெப அறையைத் தேடி முதலில் போகவில்லை. ராஜ்ய காரியங்களில், அதாவது கணக்கு வழக்குகளிலும் நிர்வாகத்திலும் தேடினார்கள். அங்கே ஒன்றும் அகப்படாததால்தான் அவருடைய பக்தியைக் குற்றமாக்க வேண்டியிருந்தது.

நான் முன்பு வேலை செய்த அலுவலகத்தின் கணக்குப் பிரிவில், ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஓர் அம்மையார் இருந்தார். மேசையில் வசன அட்டை ஒன்றும் வைத்திருக்க மாட்டார். அவர் கிறிஸ்தவர் என்பதே பலருக்குத் தெரியாது. தணிக்கை நடந்துகொண்டிருந்த ஒரு நாள், புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் பதிந்த ஒரு தொகை தவறான தலைப்பில் போயிருப்பது வெளிப்பட்டது. மேலாளர் எல்லோருக்கும் முன்பாக அந்த இளைஞரைச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அம்மையார் எழுந்து வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அந்தப் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பி, பக்கத்தின் அடியில் இருந்த சுருக்கொப்பத்தின்மேல் விரலை வைத்தார். "இதைச் சரிபார்த்தது நான். இங்கே என் கையெழுத்து இருக்கிறது. நீங்கள் கேட்க வேண்டியது என்னைத்தான்" என்றார். குரல் உயரவில்லை. மேலாளரின் சத்தம் அதோடு நின்றது. அந்தக் கையெழுத்தை யாரும் கவனித்திருக்கவில்லை. அவர் சொல்லாமல் இருந்திருந்தால் கவனித்திருக்கவும் மாட்டார்கள். ஓய்வு பெறும் நேரத்தில் பணிக் குறிப்பில் ஒரு கறை விழுவது அவருக்குச் சின்ன விஷயமாக இருந்திருக்காது. அதற்குப் பிறகு அந்த இளைஞர் அவரிடம் கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும் பிறகு சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பதில் இல்லாமல் இந்தச் சம்பவம் முழுமையடையாது.

மலைப்பிரசங்கத்தில் நம்மைத் திகைக்க வைக்கிற ஓர் இடம் உண்டு. மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில், மனுஷர் உங்கள் நற்கிரியைகளைக் கண்டு உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் அவர்கள் முன்பாகப் பிரகாசிக்கட்டும் என்று இயேசு சொல்கிறார். அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே, மனுஷர் காணவேண்டுமென்று அவர்கள் முன்பாக உங்கள் தர்மத்தைச் செய்யாதபடி எச்சரிக்கையாயிருங்கள் என்றும் சொல்கிறார். காணும்படி செய் என்பதா, காணும்படி செய்யாதே என்பதா? பல ஆண்டுகளாக இந்த இரண்டு வசனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். முதல் வசனத்தில், பார்க்கிறவர்கள் பிதாவை மகிமைப்படுத்துகிறார்கள். இரண்டாவதில், செய்கிறவர் தனக்கே மகிமை தேடுகிறார், அவர் தம் பலனை அடைந்து தீர்ந்தது என்று ஆண்டவர் கணக்கை முடித்துவிடுகிறார். ஒரே செயல் இந்த இரண்டில் எதுவாகவும் இருக்கலாம், செய்கிறவருக்கே சில நேரங்களில் அது தெரியாமலும் போகலாம். அதனால்தான் ஏழைக்குக் கொடுப்பதைப் படமெடுத்துப் பரப்புகிற வழக்கம் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். மற்றவர்களையும் கொடுக்கத் தூண்டும் என்றும் சொல்கிறார்கள். ஆனால் வாங்குகிறவர் தலைகுனிந்து நிற்கிற அந்தப் படத்தில் யார் மகிமைப்படுகிறார் என்பது பார்க்கிற எல்லோருக்கும் தெரிகிறது.

வெளிச்சத்தைப் பற்றிய அந்த வார்த்தை எந்த இடத்தில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அதற்குச் சற்று முன்புதான், என்னிமித்தம் உங்களை நிந்தித்து, துன்பப்படுத்தி, பொய்யாய்ச் சொல்வார்கள் என்று ஆண்டவர் சொல்லி முடித்திருக்கிறார். பாராட்டுகிறவர்கள் நடுவில் மட்டுமல்லாமல், தவறாகப் புரிந்துகொள்கிறவர்கள் நடுவிலும் எரிய வேண்டிய விளக்கு அது.

பிலிப்பி பட்டணத்துச் சிறைச்சாலையில் நடந்ததை நாம் பெரும்பாலும் துதியின் வல்லமைக்கு உதாரணமாகவே பிரசங்கிக்கிறோம். அடிபட்ட முதுகோடு, தொழுமரத்தில் மாட்டப்பட்ட கால்களோடு, நடுராத்திரியில் பவுலும் சீலாவும் பாடினார்கள், பூமி அதிர்ந்தது, கதவுகள் திறந்தன. எல்லாம் உண்மை. ஆனால் அப்போஸ்தலர் 16-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தால், அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள். சிறைச்சாலைக்காரனோ நித்திரையிலிருந்தே விழித்தெழுகிறான். பாட்டு அவன் காதில் விழுந்ததாக வேதம் சொல்லவில்லை. அவன் கண்டது திறந்து கிடந்த கதவுகளை. கைதிகள் ஓடிப்போயிருப்பார்கள், தன் உயிர் போய்விடும் என்று எண்ணி, பட்டயத்தை உருவித் தன்னையே மாய்த்துக்கொள்ளப் போனான். அப்போது உள்ளே இருளிலிருந்து வந்தது பவுலின் சத்தம்: "நீ உனக்குக் கெடுதி ஒன்றும் செய்துகொள்ளாதே, நாங்கள் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்." தன்னை உட்காவலறையில் அடைத்துக் கால்களை மாட்டியவனுடைய உயிருக்காக, தப்பிப்போகக் கிடைத்த வாய்ப்பை விட்டுக்கொடுத்த கைதி ஒருவனை அவன் அதுவரை கண்டிருக்க மாட்டான். இரட்சிக்கப்படுவதற்கு நான் என்ன செய்யவேண்டும் என்ற கேள்வி அதற்குப் பிறகே பிறந்தது. பாட்டு தேவனுக்கு ஏறெடுத்த பலி. அந்த மனிதனை எட்டிய சாட்சி, ஓடாமல் இருந்தது.

இதே வரிசையை வேறொரு காலத்திலும் காணலாம். 1736 ஜனவரியில், ஜான் வெஸ்லி என்ற இளம் ஆங்கிலக் குருவானவர், அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனெரியாகக் கப்பலில் போய்க்கொண்டிருந்தார். அதே கப்பலில் மொராவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியக் குடும்பங்களும் இருந்தன. கடும் புயலில் அலை கப்பலின் மேல் புரண்டு, பெரிய பாயைக் கிழித்தபோது, ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொராவியர்களோ தாங்கள் தொடங்கியிருந்த சங்கீதத்தை நிறுத்தாமல் பாடி முடித்தார்கள். பின்னர் வெஸ்லி அவர்களில் ஒருவரிடம், உங்களுக்குப் பயமாக இல்லையா என்று கேட்டார். இல்லை, தேவனுக்கு நன்றி என்று பதில் வந்தது. உங்கள் பெண்களும் பிள்ளைகளுமாவது பயப்படவில்லையா என்று மறுபடியும் கேட்டார். எங்கள் பெண்களும் பிள்ளைகளும் மரணத்துக்குப் பயப்படுகிறவர்கள் அல்ல என்றார் அவர். இந்தச் சம்பவம் பலருக்குத் தெரியும். ஆனால் அதே நாட்குறிப்பில், புயலை விவரிப்பதற்கு முன்பே வெஸ்லி எழுதிவைத்திருப்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. ஆங்கிலப் பயணிகள் எவரும் தொட விரும்பாத இழிவான வேலைகளை அந்த மொராவியர்கள் மற்றவர்களுக்காகச் செய்துவந்தார்கள், கூலி வாங்க மறுத்தார்கள், யாராவது தள்ளினாலும் அடித்தாலும் எழுந்து பேசாமல் போனார்கள், ஒரு குறையும் அவர்கள் வாயிலிருந்து வரவில்லை. வெஸ்லி இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். அந்தச் சாந்தத்துக்குப் பின்னால் பயமில்லாமையும் உண்டா என்பதைப் புயல் அவருக்குக் காட்டியது. பிறருக்குப் போதிக்கப் புறப்பட்ட ஒரு குருவானவர், தனக்கு இல்லாத ஒன்று இவர்களிடம் இருக்கிறது என்று அந்தக் கப்பலில் கண்டுகொண்டார். லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், கிறிஸ்துவையே நம்புகிறேன் என்ற நிச்சயம் பெற்று அவருடைய இருதயம் அனல்கொண்டது 1738 மே 24-ஆம் தேதி. புயலிலிருந்து அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. அந்த இடைவெளியில் மொராவியர்கள் தங்கள் சாட்சி பலித்ததா என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

நம்மில் பலர் தடுமாறுவது இங்கேதான். ஒருவருக்கு உதவி செய்துவிட்டு, அவர் எப்போது சபைக்கு வருவார் என்று காத்திருக்கிறோம். வராவிட்டால் உதவி வீணாகிவிட்டது போல வருந்துகிறோம். உதவி பெற்றவருக்கு அந்த எதிர்பார்ப்பு வெகு சீக்கிரம் புரிந்துவிடும், புரிந்த கணமே நாம் காட்டிய அன்பு அவர் கண்ணில் தூண்டிலாக மாறிவிடும். லூக்கா 17-ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், ஒருவன் மட்டும் திரும்பி வந்தான். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். அவருக்கும் அது வலித்திருக்கிறது. ஆனால் அந்த ஒன்பது பேருடைய சுகத்தை அவர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நூற்றாண்டில் ரோமப் பேரரசெங்கும் கொள்ளைநோய் பரவியபோது, அலெக்சந்திரியாவின் பேராயர் தியொனீசியு எழுதிய கடிதம் ஒன்று நமக்குக் கிடைத்திருக்கிறது. விசுவாசிகள் பயமின்றி நோயாளிகளின் அருகில் இருந்து பணிவிடை செய்தார்கள் என்றும், மூப்பர்களும் உதவிக்காரர்களும் சாதாரண விசுவாசிகளுமாகப் பலர் அந்த நோயைத் தாங்களே வாங்கி மரித்தார்கள் என்றும் அதில் எழுதுகிறார். சாகும் தறுவாயில் இருந்த ஒருவருக்குத் தண்ணீர் கொடுக்கிறவர், அவரிடமிருந்து என்ன எதிர்பார்த்திருக்க முடியும்?

இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, அப்படியானால் வாழ்ந்தாலே போதும், வாயைத் திறக்க வேண்டாம் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. வாய் திறவாத நன்னடத்தை, நல்ல மனிதர் என்ற பெயரை நமக்கு வாங்கித் தருவதோடு நின்றுவிடும். அந்தப் பெயர் கிறிஸ்துவுக்குச் சேர வேண்டியது. பிளினி ஆண்ட அதே பொந்துவிலும் பித்தினியாவிலும் சிதறியிருந்த விசுவாசிகளுக்கு, அவருக்கு முந்தின காலத்தில் பேதுரு எழுதிய முதல் நிருபத்தில், "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு சொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று வாசிக்கிறோம். யாரோ ஒருவர் வந்து விசாரிப்பார் என்று பேதுரு எண்ணிக்கொள்கிறார். விசாரிக்கும்படியான ஒரு வாழ்க்கையை அவர்கள் வாழ்கிறார்கள் என்றும் எண்ணிக்கொள்கிறார். கேள்வி வந்த பிறகு பதில் சாந்தமாக இருக்க வேண்டும், கேட்டவரை மதிக்கிற பதிலாக இருக்க வேண்டும். யாருமே நம்மிடம் எதையும் கேட்பதில்லை என்றால், நாம் இன்னும் பலமாகப் பேச வேண்டும் என்று நினைப்பதற்கு முன்னால், நம்மிடத்தில் கேட்பதற்கு ஏதாவது தென்படுகிறதா என்று யோசிக்கலாம்.

கணக்குப் பிரிவு அம்மையாருக்கு வருகிறேன். அந்த இளைஞர் கிறிஸ்தவர் அல்லர். சில நாட்கள் அவரைத் தவிர்த்துக்கொண்டே இருந்தவர், ஒரு மதிய உணவு இடைவேளையில் அவர் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, "நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாமே, மேடம்? ஏன் சொன்னீர்கள்?" என்று கேட்டார். அவர் டப்பாவின் மூடியை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "கையெழுத்து என்னுடையதுதானே, தம்பி. அதோடு, என் தப்பு எல்லாவற்றையும் இயேசு தம்மேல் எடுத்துக்கொண்டார் என்று நம்புகிறவள் நான். என் தப்பை உன்மேல் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எப்படி ஜெபிப்பேன்?" அவ்வளவுதான். இளைஞர் வேறெதுவும் கேட்கவில்லை, அவரும் மேற்கொண்டு சொல்லவில்லை. பக்கத்து மேசையில் இருந்த நான், சுவிசேஷத்தின் மையம் இரண்டு வரிகளில் சொல்லப்பட்டதைக் கேட்டேன். அந்த இரண்டு வரிகளுக்கும் கனம் கொடுத்தது, பதிவேட்டின்மேல் அவர் வைத்த அந்த விரல்.

இன்னொரு காரியத்தை எழுதியாக வேண்டும், கொஞ்சம் வேதனையோடு. நம் சபை வட்டாரங்களில் "சாட்சி கெட்டுவிடும்" என்ற பேச்சு அடிக்கடி அடிபடும். வாலிபர்களைக் கண்டிக்கும்போது சொன்னால் அது எச்சரிப்பு. ஆனால் அதே வார்த்தையைச் சொல்லி, வீட்டுக்குள் அடிபடுகிற மனைவியை வாயடைத்திருக்கிறோம். சபைப் பணத்தில் கை வைத்தவரைக் காப்பாற்றியிருக்கிறோம். பொறுப்பில் இருக்கிற ஒருவரால் பாதிக்கப்பட்டவர்களிடம், வெளியே தெரிந்தால் கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படும் என்று கெஞ்சியிருக்கிறோம். கர்த்தருடைய நாமம் தூஷிக்கப்படுவது, நடந்த அக்கிரமத்தினால். அதைச் சொன்னவரால் அல்ல. ரோமருக்கு எழுதின நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் கடிந்துகொள்வதும், களவு செய்யக்கூடாது என்று பிரசங்கித்துக்கொண்டே களவு செய்கிறவர்களைத்தான். பேதுரு ஆண்டவரை மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் பதிவு செய்கின்றன. அந்தச் சுவிசேஷங்கள் எழுதப்பட்டபோது பேதுருவின் பெயர் சபைகளெங்கும் மதிக்கப்பட்ட பெயர். பேதுருவின் பிரசங்கங்களைக் கேட்டே மாற்கு எழுதினார் என்ற பாரம்பரியம் இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. அப்படியானால் அருகே நின்றவர்களின் முன்னால் தான் சபித்துச் சத்தியம் பண்ணினதைப் பேதுருவே சபைகளில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். தலைவரின் வீழ்ச்சியை மறைக்காமல் சொன்ன சபையின் வார்த்தையை ஜனங்கள் நம்பினார்கள். வரி வசூலிக்கிறவனாயிருந்த சகேயுவும், நான் மனந்திரும்பிவிட்டேன் என்று அறிவிப்பதோடு நின்றுவிடவில்லை. அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். எரிகோவில் அவனிடம் பறிகொடுத்தவர்களுக்கு அவனுடைய விசுவாசம் திருப்பிக் கொடுக்கப்பட்ட பணமாகத்தான் வந்து சேர்ந்திருக்கும்.

மன்னிப்பைப் பற்றியும் இதே எச்சரிக்கையோடுதான் பேச வேண்டும். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூரில், குஷ்டரோகிகளிடையே பணிபுரிந்த ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும், அவருடைய மகன்கள் பிலிப், தீமோத்தேயு ஆகிய இருவரும், இரவில் ஜீப்பில் தூங்கிக்கொண்டிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 10, 6. அவருடைய மனைவி கிளாடிஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு, பாரிபதாவில் அந்தக் குஷ்டரோகிகளின் நடுவிலேயே தங்கிப் பணியைத் தொடர்ந்தார். 2005-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. அவருடைய மன்னிப்பு உலகத்துக்குப் பெரிய சாட்சியாக நின்றது. ஆனால் அதை அவர் தாமாகக் கொடுத்தார். அவருடைய பெயரைச் சொல்லி, இன்னும் காயம் ஆறாத ஒருவரிடம் நீயும் மன்னித்துவிடு, சாட்சியாக இருக்கும் என்று நெருக்குவதற்கு யாருக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம். அழுகிறவர்களுடனே அழுங்கள் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இவை அனைத்தையும் ஒரே அதிகாரத்தில் காண விரும்புகிறவர்கள் இரண்டாம் இராஜாக்கள் 5-ஆம் அதிகாரத்தை வாசிக்கலாம். இஸ்ரவேலிலிருந்து சிறைபிடிக்கப்பட்ட ஒரு சின்னப் பெண், குஷ்டரோகியாயிருந்த சீரியப் படைத்தலைவன் நாகமானின் வீட்டில் வேலைக்காரியாக இருக்கிறாள். அவள் பெயரை வேதம் சொல்லவில்லை. அவள் பேசுவதும் ஒரே ஒரு வாக்கியம்: என் ஆண்டவன் சமாரியாவிலிருக்கிற தீர்க்கதரிசியினிடத்தில் போனால் நலமாயிருக்கும் என்று. தன்னைப் பெற்றோரிடமிருந்து பிரித்த சேனையின் தலைவனுக்கு அவள் சுகத்தை விரும்புகிறாள். அதைவிட எனக்கு ஆச்சரியமானது, எஜமானி அதை நம்பினாள் என்பது. ஒரு வேலைக்காரச் சிறுமியின் சொல்லை நம்பி, படைத்தலைவன் பத்துத் தாலந்து வெள்ளியும் ஆறாயிரம் சேக்கல் பொன்னும் எடுத்துக்கொண்டு பகை நாட்டுக்குப் புறப்பட்டான் என்றால், அந்த வீட்டில் அவள் எப்படி நடந்துகொண்டிருப்பாள் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அதே அதிகாரத்தின் முடிவில் கேயாசி வருகிறான். தீர்க்கதரிசி எலிசாவின் ஊழியக்காரன், தேவமனிதனின் கூடவே இருந்தவன். சுகமடைந்த நாகமான் கொடுக்க வந்து, எலிசா வேண்டாமென்று மறுத்த காணிக்கையை, இரதத்தின் பின்னால் ஓடிப்போய், பொய் சொல்லி வாங்கிக்கொள்கிறான். பணத்தை வாங்குகிறதற்கு இது காலமா என்று எலிசா கேட்பதில் இருக்கிற கோபத்துக்குக் காரணம் பணம் மட்டுமல்ல என்று நினைக்கிறேன். இஸ்ரவேலின் தேவன் இலவசமாய்ச் சுகமாக்குகிறவர் என்று அப்போதுதான் அறிந்துகொண்டு ஊர் திரும்புகிற ஒரு மனிதனிடம், கேயாசி வேறொரு தேவனைக் காட்டிவிட்டான்.

நாகமானோ, இனி கர்த்தரைத் தவிர வேறு யாருக்கும் பலியிடுவதில்லை என்று சொல்லி, இரண்டு கோவேறு கழுதைகள் சுமக்கிற அளவு இஸ்ரவேலின் மண்ணைக் கேட்டுத் தன் வீட்டுக்குத் திரும்பினான். அதுவரை அந்த வீட்டில் கர்த்தரை அறிந்திருந்தவளாக நாம் வாசிப்பது அந்தச் சிறுமி ஒருத்தியைத்தான்.